ஒரு சொம்புக் காற்று

எதிர்வீட்டில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கிற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. என் தையல் மெஷின் ஜன்னலோரம் கிடக்கிறது, ஜன்னல் சோணை அண்ணன் வீட்டு வாசலைப் பார்த்து இருக்கிறது, அம்புட்டுத்தான். வெளிச்சம் இல்லாமல் ஊசியில் நூல் கோக்க முடியுமா? வெளிச்சத்துக்காகத் திறந்து வைத்த ஜன்னலில் அந்த வீட்டுச் சண்டையும் சேர்ந்து வந்து விழுந்தால் அதற்கு நான் என்ன செய்ய?

அதனால்தான் சொல்கிறேன், சோணை அண்ணன் மகன் முத்துக்குமரன் காற்றிலிருந்து தண்ணீர் எடுத்த கதை இந்த ஊரில் என்னைவிட முழுசாக யாருக்கும் தெரியாது. முத்துக்குமரனுக்கே பாதிதான் தெரியும். மிச்ச நேரமெல்லாம் அவன் இரும்புக் குழாய் உச்சியில் தொங்கிக்கொண்டிருந்தான்.

எங்கள் ஊர் கள்ளிக்குளத்துப்பட்டி. திருமங்கலத்தில் டவுன் பஸ் ஏறி இந்தப் பெயரைச் சொன்னால், கண்டக்டர் முதலில் நம் கையில் குடம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். போர் போட்டால் தண்ணீர் வராமல் இல்லை. அந்தத் தண்ணீரில் பருப்பை வேக வைத்தால் விறகுதான் தீரும், பருப்பு போட்டபடியே கிடக்கும். டீ போட்டால் பால் திரிந்துபோகும். சோப்பு நுரைக்காது. கடையிலிருந்து பளபளவென்று வாங்கி வந்த சொம்பு நாலு மாசத்தில் உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து எங்கள் ஊர்ச் சொம்பாகிவிடும். குடிக்கிற தண்ணீர் லாரியில் வரும். என்றைக்கு வரும், எந்நேரம் வரும் என்பது டிரைவருக்கே தெரியாது. ஹாரன் கேட்டால் அடுப்பில் எது இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். ஓட முடியாதவர்கள் முன்கூட்டியே குடத்தை வரிசையில் போட்டு வைப்பார்கள். எங்கள் தெருவில் நுழைகிற வெளியூர்க்காரர் கண்ணில் முதலில் படுவது அந்த வரிசைதான். மனுசர்களெல்லாம் அப்புறம்.

சோணை அண்ணன் ஆடு மேய்க்கிறவர். ஆட்டோடு பேசுகிற பேச்சில் காலே அரைக்கால்தான் வீட்டில் பேசுவார். அந்தக் குறையைக் கனகலட்சுமி மதினி தீர்த்துவிடும். மதினி பேச ஆரம்பித்தால் என் மெஷின் சத்தம் எனக்கே கேட்காது. ஒரே மகன் முத்துக்குமரன். அவனியாபுரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் லேத், வெல்டிங் இரண்டும் பார்க்கிறான். காலையில் பைக்கில் போய், இருட்டுவதற்குள் திரும்பி வந்துவிடுவான். நல்ல பையன், குடி கிடையாது, வயசு முப்பதைத் தாண்டிவிட்டது. பெண் மட்டும் அமையவில்லை.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்தவர்கள் குடவரிசையைப் பார்த்துவிட்டு காரைவிட்டு இறங்கவே யோசித்தார்கள். இறங்கிய ஒரு பொம்பளை மதினியிடம் நேராகவே கேட்டுவிட்டாள்: "நாங்க பொண்ண மாப்ளைக்குக் குடுக்குறதா, குடத்துக்குக் குடுக்குறதா?" அதற்கடுத்து வந்தவர்கள் அதைக்கூடக் கேட்கவில்லை. காரைத் திருப்ப இடம் தேடினார்கள்.

"இந்த வீட்டுக்கு ஒரு மருமக வந்து, இந்த அடுப்படியில நின்னு, என்னைய ஒரு வார்த்தை ஏசினாக்கூடப் போதும்டி அன்னக்கொடி. நான் தனியாப் பேசிப் பேசிப் பைத்தியம் புடிச்சிரும் போல" என்று மதினி ஒருநாள் என் வாசலில் வந்து உட்கார்ந்து அழுதது. மதினி அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். மதினிக்கு வேண்டியது அது ஒன்றுதான். மகன் இந்த வீட்டிலேயே இருக்க வேண்டும், மருமகள் இங்கே வர வேண்டும். வேறு ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

போன வருசத்துக்கு முந்தின வருசம் ஆடி மாசம் முத்துக்குமரன் திருமங்கலத்தில் பேங்குக்குப் போனான். திரும்பி வந்து பைக்கை நிறுத்தக்கூட இல்லை, வாசலிலிருந்தே ஆரம்பித்தான்.

"யம்மா, பேங்க்ல ஏசிக்குப் பின்னாடி ஒரு டியூப் தொங்குச்சு. வாட்ச்மேன் அதுக்குக் கீழ வாளி வச்சிருக்காரு. நான் பாஸ்புக் போட்டுட்டு வர்றதுக்குள்ள அரை வாளிம்மா!"

"அதுக்கு?"

"அந்தத் தண்ணி எங்கேருந்து வருது?"

"ஏசியிலருந்து."

"ஏசிக்குள்ள என்ன கெணறா வெட்டி வச்சிருக்காக? காத்துல இருக்குற ஈரம்மா அது. குளுந்த கம்பியில பட்டா தண்ணியாச் சொட்டும். சொம்புல ஐஸ் தண்ணி ஊத்துனா வெளிய வேர்க்குமில்ல, அதே கணக்குத்தான்."

"சரிடா. பேங்க்காரன்கிட்டச் சொல்லி அந்த வாளியத் தெனம் வாங்கிட்டு வா."

"நம்மளே செய்யலாங்குறேன்."

"ஏசிக்குக் கரண்டு பில்லு உங்கய்யாவோட ஆடா கட்டும்?"

"கரண்டு எதுக்குங்குறேன்? அடிக்கிற மேல்காத்துக்கு நம்ம ஊர்ல கூரைத் தகரம் பறக்குது. ஒரு காத்தாடியச் சுத்த விட்டு, அதுல பெல்ட்டு மாட்டி, பழைய வேன்ல இருக்குற ஏசி கம்ப்ரசர ஓட்டுனா முடிஞ்சு போச்சு. காத்தே காத்தக் குளுர வச்சுத் தண்ணியாக்கும்."

மதினி வாசலில் கிடந்த விளக்குமாற்றை எடுத்தது. பெருக்கத்தான் எடுத்தது என்று பிறகு சொன்னது.

அன்றிலிருந்து அந்த வீடு வீடாக இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு மூட்டை வந்து இறங்கும். பின்பக்கம் உப்புத் தண்ணீர் போரில் இறக்கியிருந்த இரும்புக் குழாயை, எதற்கும் ஆகாத போர்தானே என்று உருவி எடுத்தான். பூமிக்குள் போன குழாயை வாசலுக்கு நேரே வானத்தைப் பார்த்து நட்டான். அதன் உச்சியில், பிளாஸ்டிக் பைப்பை நீளவாக்கில் பிளந்து செய்த இறக்கைகள். அடியில் ஒரு நீல டிரம்மை அறுத்துக் கூடுபோலச் செய்து அதற்குள் கம்ப்ரசரும், வளைத்து வளைத்துப் போட்ட அலுமினியக் குழாயும். அந்தக் குழாய்க்குக் கீழே ஒரு புனல், புனலுக்குக் கீழே ஒரு எவர்சில்வர் சொம்பு. அந்தச் சொம்பு மதினியின் சீர்வரிசைச் சொம்பு. அதற்கு ஒரு தனிச் சண்டை நடந்தது.

எல்லாம் பூட்டி முடித்து காஸ் அடித்து நிமிர்ந்தபோது ஐப்பசி பிறந்துவிட்டது. காற்று நின்றுபோனது.

மார்கழியில் பனி கொட்டியது. செடி நனைந்திருந்தது, ஆட்டுக்குட்டி நனைந்திருந்தது, நான் காயப்போட்ட ஜாக்கெட் துணியெல்லாம் நனைந்திருந்தது. காற்றில் அம்புட்டு ஈரம். இறக்கை மட்டும் அசையவில்லை. முத்துக்குமரன் காலையில் பல் விளக்கிக்கொண்டே அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பான்.

"நான் வேணா ஏறிச் சுத்தி விடட்டுமாடா?" என்று மதினி உள்ளேயிருந்து கேட்கும்.

"கொஞ்சம் சும்மா இரும்மா."

"இல்ல, முட்டிவலி இருக்கு. இருந்தாலும் புள்ளைக்காக ஏறுறேன்."

பிறகு வைகாசி கடைசியில் காற்று வந்தது. எங்கள் ஊர் மேல்காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. மேற்கே மலையிலிருந்து இறங்கி, வருகிற வழியில் இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு, எங்களிடம் வரும்போது வெறும் புழுதியோடு வரும். உதடு வெடிக்கும். காயப்போட்ட வத்தல் அரை நாளில் மொறுமொறுவென்று ஆகிவிடும். அந்தக் காற்றில் இறக்கை சுற்றின சுற்றைப் பார்க்க வேண்டுமே! விர் விர்ரென்று தெருவே அதிர்ந்தது. என் மெஷினில் ஊசி இரண்டு தடவை தடம் மாறியது. அதற்கு முத்துக்குமரன்தான் காரணம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

தண்ணீர் வந்ததா என்றால், வந்தது. பொய் சொல்லக் கூடாது. அலுமினியக் குழாய் வேர்த்து, ஒரு சொட்டு திரண்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் விழுந்தது. அவன் அந்தச் சொட்டைப் பார்த்துவிட்டுக் கத்தின கத்தலில் ஆடெல்லாம் மிரண்டு ஓடியது. ஆனால் வெயில் ஏறினால் சொட்டு நின்றுபோகும். புழுதி வந்து குழாயில் அப்பிக்கொள்ளும், துடைக்க வேண்டும். துடைத்துவிட்டு நிமிர்ந்தால் பெல்ட் அறுந்திருக்கும். பெல்ட் மாற்றிவிட்டுப் பார்த்தால் புனலில் ஒரு மைனா உட்கார்ந்து சேர்ந்திருந்த கொஞ்சத்தையும் குடித்துக்கொண்டிருக்கும். நல்ல நாளில் ஒரு டம்ளர். மற்ற நாளில் சொம்பின் அடி நனைந்திருக்கும்.

"காத்து இருக்கையில ஈரம் இல்ல, ஈரம் இருக்கையில காத்து இல்ல. எங்கிட்டுப் போய் முட்டிக்கிறதுன்னு தெரியல அத்தே" என்று என்னிடம் வந்து சொன்னான். அவன் எனக்கு மருமகன் முறை. முகமெல்லாம் கிரீஸ்.

"மழக் காத்து வருமில்லப்பா, அதுல சொட்டாதா?"

"மழை பேஞ்சா வாளிய வாசல்ல வச்சாப் போதாதா? அதுக்கு எதுக்கு இம்புட்டு இரும்பு?"

அதுவும் சரிதான். நான் ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைக்கப் போய்விட்டேன்.

அந்த ஆனி மாசத்தில்தான் கொட்டாம்பட்டியிலிருந்து ஒரு இடம் வந்தது. பெண் பெயர் ரோகிணி. மதுரையில் ரத்தம் பரிசோதிக்கிற லேபில் வேலை. அவளுடைய அப்பா செல்வக்குமாரும், அப்பாவின் அக்கா தங்கப்பொண்ணு என்கிற அம்மாவும் வீடு பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார்கள். ஆடி பிறந்துவிட்டால் இந்தப் பேச்செல்லாம் பேசக் கூடாது என்பதால் ஆனிக் கடைசி முகூர்த்த நாளில் வருகிறார்கள்.

முத்துக்குமரனுக்கு ஒரு யோசனை.

"யம்மா, வந்து உக்காந்ததும் இந்தத் தண்ணியக் குடுப்போம். ஒரு வாய் குடிச்சுப் பாத்தாகன்னா, இந்த ஊர்லயா இப்புடித் தண்ணின்னு மலைச்சுப் போயிருவாக."

"ஒரு டம்ளரக் குடிச்சுப்புட்டு மலைக்கிறதா?"

"ஒரு சொம்பு சேத்துருவோம். கொஞ்சங் கொஞ்சமா."

மதினி உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுப்படிக்குப் போனது. ஆனால் மறுநாள் காலையில் நான் பார்க்கும்போது புனலின் மேல் ஒரு கொசுவலைத் துணி கட்டியிருந்தது. என்னிடம் வாங்கின துண்டுத் துணிதான். எதற்கு என்று கேட்டதற்குச் சாம்பார் பொடி சலிக்க என்று சொல்லியிருந்தது. அதற்கப்புறம் மைனாவை விரட்டுவதும் மதினி வேலையாகிவிட்டது. சாயங்காலமானால் சேர்ந்ததைச் சொம்பிலிருந்து ஒரு மண்குடுவைக்கு மாற்றி, மூடி போட்டு, சாமி படத்துக்குக் கீழே வைக்கும். ஒருநாள் சோணை அண்ணன் தெரியாமல் அதில் கை வைத்துவிட்டு வாங்கின ஏச்சு இருக்கிறதே, பாவம், அந்த மனுசன் அன்றைக்கு ஆட்டுக் கொட்டகையில்தான் சாப்பிட்டார்.

வருகிற நாளும் வந்தது. மதினி தெருவெல்லாம் வீடு வீடாகப் போய், "இன்னைக்கு ஒரு நாளு குடத்த உள்ள எடுத்து வச்சுக்கங்கத்தா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கேட்டுக்கொண்டது. எல்லாரும் எடுத்து வைத்தார்கள். பொறாமைக்காரி சின்னத்தாய்கூட எடுத்து உள்ளே வைத்தாள். குடமில்லாத தெருவைப் பார்க்க எனக்கே வேற்றூர் மாதிரி இருந்தது.

கார் வந்தது. செல்வக்குமார் மீசையைத் தடவிக்கொண்டே வீட்டை அளந்தார். தங்கப்பொண்ணு அம்மா வாசலில் நின்று கம்பத்தை அண்ணாந்து பார்த்தது. இறக்கை விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"இது என்னத்துக்குப்பா? காக்கா விரட்டவா?"

"அது பெறகு சொல்றேங்க அத்தே" என்றான் முத்துக்குமரன். முகமெல்லாம் சிரிப்பு.

பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். கேசரி, உளுந்தவடை, காபி எல்லாம் தயாராக இருந்தது. மதினி பட்டுச் சேலையில், இரண்டு கையாலும் அந்தச் சொம்பைப் பிடித்துக்கொண்டு, அம்மன் கோவிலில் முளைப்பாரி தூக்கி வருகிறவள் மாதிரி வந்து நீட்டியது.

"மொதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க."

தங்கப்பொண்ணு அம்மா கையெடுத்துக் கும்பிட்டது. "இருக்கட்டும் தாயி. பேசி முடியாம கை நனைக்க மாட்டோம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கமெல்லாம் அப்படித்தான். சம்பந்தம் முடிவாகாமல் அந்த வீட்டில் சாப்பிடுவதோ குடிப்பதோ கிடையாது. கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். போன தடவை வந்தவர்களும் நனைக்கவில்லை, அதற்கு முன்னால் வந்தவர்களும் நனைக்கவில்லை. பிறந்ததிலிருந்து தெரிந்த வழக்கம், ஆனி மாசம் முழுக்க அந்தச் சொம்பை நிரப்புகிற மும்முரத்தில் அந்த வீட்டில் ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. எதிர்வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கும் வரவில்லை.

முத்துக்குமரன் முகத்தைப் பார்க்க வேண்டும். சொம்பைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். மதினி சொம்பை ஸ்டூலில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் மூடி, பக்கத்திலேயே நின்றுகொண்டது.

பேச்சு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது தெருமுனையில் ஹாரன் கேட்டது. தண்ணீர் லாரி.

அத்தனை நாளாக வராத லாரி அந்த நேரம் பார்த்து வந்து நின்று ஹாரன் அடிக்கிறது! என் கால் தானாக எழுந்துவிட்டது. நான் மெஷினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒரு தலை. ஒருத்தியும் வெளியே வரவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் மதினியின் மானம் போய்விடும். லாரிக்காரன் பேய் பிடித்த மாதிரி அடித்துக்கொண்டேயிருந்தான்.

"அது என்ன சத்தம்?" என்று செல்வக்குமார் கேட்டார்.

"ஐஸ் வண்டி" என்றார் சோணை அண்ணன். அந்த வருசத்தில் அவர் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும்.

"ஐஸ் வண்டிக்கு ஏர் ஹாரனா?"

"பெரிய ஐஸு" என்றார் அண்ணன்.

லாரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, யாருக்கும் வேண்டாமாக்கும் என்று திரும்பிப் போனது. சின்னத்தாய் தன் வாசலிலிருந்து என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

"சரிங்க. போயிட்டுச் சொல்லி விடுறோம்" என்று செல்வக்குமார் எழுந்தார். போயிட்டுச் சொல்லி விடுறோம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். மதினி தலைப்புக்குள்ளேயே சொம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

வாசலில் கால் வைத்தபோது மேல்காற்று ஒரு வீச்சு வீசியது பாருங்கள்! கரிசல் புழுதி, ஆட்டுப் புழுக்கைத் தூள், வைக்கோல் எல்லாமாகச் சுருண்டு வந்து நேராகத் தங்கப்பொண்ணு அம்மா வாயில் புகுந்துவிட்டது. அந்தம்மா இருமியது. நிற்கவில்லை. குனிந்து, சுவரைப் பிடித்து, கண்ணெல்லாம் பிதுங்கி இருமியது.

"கார்ல பாட்டில் இருக்கா பாருய்யா!" என்று செல்வக்குமார் கத்தினார்.

"மேலூர் தாண்டுறப்பவே குடிச்சு முடிச்சிட்டீகளேண்ணே" என்றான் டிரைவர்.

மதினி சொம்போடு முன்னால் போனது. அந்தம்மா பார்த்தது, வேண்டாமென்று தலையை ஆட்டியது, மறுபடி இருமியது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு அந்தம்மா தவித்தது. சோணை அண்ணன்தான் பேசினார்.

"குடிங்க தாயி. தொண்டைக்குக் குடிச்சா அது கை நனைச்ச கணக்குல சேராது."

அம்புட்டுத்தான் சொன்னார். அந்தம்மா சொம்பை வாங்கி, அண்ணாந்து, மடக் மடக்கென்று குடித்தது. குடித்துவிட்டு மூச்சு விட்டது. உதட்டைத் துடைத்தது. சொம்பை நீட்டியது.

"தண்ணி நல்லா இருக்கே. இன்னுங் கொஞ்சம் ஊத்து தாயி."

மதினி காலிச் சொம்பை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றது. மேலே இறக்கை சுற்றிக்கொண்டிருந்தது.

"இந்தா கொண்டாறேன், உள்ள குடம் குடமா இருக்கு" என்று மதினி திரும்பியபோது முத்துக்குமரன் சொன்னான்: "இல்லங்க அத்தே. அம்புட்டுத்தான்."

"என்னப்பா அம்புட்டுத்தான்? ஒரு சொம்புதானப்பா குடிச்சேன்."

"அது காத்துலருந்து எடுத்த தண்ணி. இந்தா, இந்த மெஷின்ல. ஆனி பொறந்ததிலருந்து சேத்தது."

அந்தம்மா காலிச் சொம்பைப் பார்த்தது, கம்பத்தைப் பார்த்தது. "அடப்பாவி! ஒரு மாசத்தையா நான் ஒரு மூச்சுல குடிச்சுப்புட்டேன்?"

"அப்ப குடிக்கிறதுக்கு என்ன பண்றீக?" என்று செல்வக்குமார் கேட்டார்.

"லாரிதான். இப்ப ஹாரன் அடிச்சுட்டுப் போச்சே, அதான். நீங்க வர்றீகன்னு தெருவே குடத்த ஒளிச்சு வச்சிருக்கு."

மதினி கண்ணை மூடிக்கொண்டது. தெருவில் யாரோ சிரித்தார்கள். நான் இல்லை. செல்வக்குமார் மட்டும் முத்துக்குமரனை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கார் போனது.

கேசரியும் வடையும் தெருவெல்லாம் பங்கானது. லாரியை விட்ட வயிற்றெரிச்சலுக்கு எல்லாரும் இரண்டு மடங்கு சாப்பிட்டார்கள். குடிக்கத்தான் தண்ணீர் இல்லை.

மறுநாளே போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள், அதனால் ஜன்னலோரம் வந்து நான் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

"மாப்ளயப் புடிச்சிருக்கு" என்றார் செல்வக்குமார். "மறைக்காமச் சொன்னாரு பாருங்க, எனக்கு அது போதும். அக்காவும் தண்ணி குடிச்சிருச்சு. தொண்டைக்கோ எதுக்கோ, குடிச்சது குடிச்சதுதான். ஆனா ஒண்ணு. என் மக லாரிக்குப் பின்னாடி குடத்தோட ஓட மாட்டேங்குது. மாப்ளைக்கு வேல அவனியாபுரத்துலதான? அங்கிட்டே ஒரு வீடு பாக்கச் சொல்லுங்க. பொண்ணு அங்க வரும்."

போனை வைத்தார்கள். பிறகு மதினி பிடித்துக்கொண்டது.

"எதுக்குடா இந்தக் கம்பத்த நட்டே? மருமக இங்க வரணும்னுதான நட்டே? இப்ப மருமகளும் இல்ல, மகனும்ல போறான்!"

"நான் வேணாம்னு சொல்லிரவாம்மா?"

"வேணாம்னு சொல்லிட்டு? எனக்குத் தொணைக்குக் கெழவனாகுறியா? போடா. போய் வீடு பாரு."

"உண்மையத்தானம்மா சொன்னேன்."

"ஒரு நாளு, ஒரே ஒரு நாளு உன் வாயி சும்மா இருந்திருக்கக் கூடாதா?"

ஆவணியில் திருமங்கலத்து மண்டபத்தில் கல்யாணம். குறை சொல்ல ஒன்றுமில்லை, சாம்பாரில் பருப்பு வெந்திருந்தது. ரோகிணி நல்ல பெண். கலகலவென்று பேசுகிற பெண். மதினிக்கு எதிரே உட்கார வைத்தால் சரிக்குச் சரி பேசும். அதுதான் எனக்கே மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. மறுவீடு முடிந்து சாமானை ஏற்றும்போது முத்துக்குமரன் கம்பத்தைக் காட்டி, "கழட்டி எடைக்குப் போட்டுட்டுப் போகவாம்மா?" என்று கேட்டான்.

"அது உன்னைய என்ன பண்ணுது? கெடக்கட்டும்" என்றது மதினி.

அதற்கப்புறம் தீபாவளிக்கு வந்தார்கள், பொங்கலுக்கு வந்தார்கள். வந்தபோதெல்லாம் காற்றே இல்லை. ரோகிணி கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, "இது எப்பத்தான் சுத்தும் அத்தே? எங்க பெரியத்தை இந்தத் தண்ணியப் பத்தி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கு" என்று கேட்கும்.

"ஆடியில சுத்தும்த்தா. வந்து பாரு."

ஆடி வந்தது. விர் விர்ரென்று சுற்றியது. சொட்டு விழுந்தது. ஆனால் ஆடிக்குப் புதுப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவார்களே! ரோகிணி கொட்டாம்பட்டியில். முத்துக்குமரன் அவனியாபுரத்தில் ஹோட்டல் சாப்பாடு. மதினி இங்கே மைனாவை விரட்டிக்கொண்டிருந்தது. பெல்ட் அறுந்தபோது சோணை அண்ணனையே ஏணியில் ஏற்றிவிட்டு, கீழே நின்று ஏசி ஏசி மாட்ட வைத்தது. அந்த மனுசன் அன்றைக்கு இறங்கி வந்து, "ஆடே தேவல" என்றார்.

ஆவணி பிறந்து மருமகள் அவனியாபுரம் திரும்பிவிட்டாள் என்று தெரிந்ததும், மதினி வயர் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பியது. கூடைக்குள் பலகாரப் பொட்டலத்துக்கு நடுவே ஒரு பாட்டில், ஈரத் துணி சுற்றி.

"தண்ணியில்லாத ஊர்லருந்து மதுரைக்குத் தண்ணி கொண்டு போறீகளா மதினி?"

"நீ வர்றியா, வாயப் புடுங்குறியா?"

நான் போகாமல் இருப்பேனா? ஜாக்கெட்டை அப்படியே போட்டுவிட்டுப் பின்னாலேயே பஸ் ஏறினேன். வழியெல்லாம் மதினி கூடையை மடியைவிட்டு இறக்கவில்லை.

அவனியாபுரத்தில் இறங்கி, அவர்கள் தெருவுக்குள் திரும்பினால் நடக்க வழியில்லை. தெருவை அடைத்துக்கொண்டு ஒரு தண்ணீர் லாரி. பைப் உடைந்து நாலைந்து நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லையாம். பின்னால் பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று குடவரிசை. வரிசையின் நடுவில், நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, கொண்டையைத் தூக்கிக் கட்டி, முன்னால் நிற்கிறவளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது ரோகிணி.

எங்களைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்கு முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. "அத்தே... வாங்க. வீடு தொறந்துதான் இருக்கு, போய் உக்காருங்க. இந்தா வந்துட்டேன்."

மதினி வாயைத் திறந்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டேன். எத்தனை மாசத்துப் பேச்சு உள்ளே இருக்கிறது என்று எனக்குத் தெரியுமே. ஆனால் மதினி மருமகள் முகத்தைப் பார்த்தது. வேர்த்து ஊற்றி, உதடு காய்ந்து கிடந்தது. கூடைக்குள் கையை விட்டு பாட்டிலை எடுத்து நீட்டியது.

ரோகிணி மூடியைத் திருகி, எந்தத் தண்ணீர் என்றுகூடக் கேட்காமல் நின்றபடிக்கே முழுசாகக் குடித்து முடித்தது. குடித்துவிட்டுப் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துக் கடைசிச் சொட்டையும் நாக்கில் விட்டுக்கொண்டது.

"நல்லா இருக்கே அத்தே. என்ன கேன் வாங்குறீக?"

மதினி காலிப் பாட்டிலை வாங்கிக் கூடைக்குள் வைத்தது. கூடையை என் கையில் கொடுத்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ரோகிணி காலடியில் கிடந்த இரண்டாவது குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தது.

"முன்னாடி நகரு. பேசிக்கிட்டே நின்னீன்னா பின்னாடி நிக்கிறவ பூந்துருவா."